தாளிக்காத வீடு

மாசி 12, திங்கள்

கா 98.2. மா 98.6. வெயில். ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து நிற்கிறது. பால்வெட்டு இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

இது திருவனந்தபுரத்து டாக்டரம்மா தந்த நோட்டு. காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவன் நான். எழுத்துக் கூட்டியது ஐம்பது வயதுக்குப் பிறகு, இரவு வகுப்பில். ஒரு வரிக்கு ஒரு பீடி நேரம் ஆகும். பீடியை நிறுத்தியாயிற்று. பக்கத்தில் இடம் மிச்சம் கிடப்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

இன்று ஆஸ்பத்திரி. வெள்ளை அணு போன தடவையைவிடக் கூடுதல். கூட வந்த மனைவி தங்கம்மைக்குச் சந்தோஷம். "கூடியிருக்குன்னா சத்துதானே டாக்டரே?" டாக்டரம்மா சிரிக்கவில்லை. வருகிற வழியில் பஸ்ஸில் நான் விளக்கினேன்: சில ரப்பர் மரத்தில் சிரட்டை நிறையப் பால் வடியும், ஆனால் ஆசிட் ஊற்றினால் உறையாது, ஷீட் அடிக்க ஆகாது. அந்தப் பால்தான் எனக்க ரத்தத்தில். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. முப்பது வருஷம் ஷீட் அடித்தவள்.

எத்தனை நாள் என்று கேட்டேன். "மெல்லப் போற நோய். வருஷங்கள் உண்டு. நோயைவிட இன்பெக்ஷனைத்தான் பேடிக்கணும்."

பேடிக்க, அதாவது பயப்பட வேண்டியவை: கூட்டம். சளி பிடித்த ஆள். பழைய கஞ்சி. அம்மை கண்ட பிள்ளை பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும், நாள் கடத்தினால் தடுப்பு ஊசி வேலைக்காகாது. சின்ன வயதில் வந்ததா என்று கேட்டார்கள். வரவில்லை. ஆறு வயதில் தம்பிக்கு வந்தது, அன்று ராத்திரியே என்னை மாமா வீட்டில் கொண்டு விட்டார்கள். மாமாவின் சட்டை நிறம்கூட நினைவிருக்கிறது. நீலக் கோடு.

பிறகு நர்ஸ் ஒரு தாள் வைத்துக்கொண்டு கேள்வி. சோர்வு உண்டா, தூக்கம் உண்டா, ஆட்களோடு பழக இடைஞ்சல் உண்டா. கடைசியில், வாழ்க்கை எப்படி இருக்கிறது, ஒன்றிலிருந்து ஏழுக்குள் நம்பர் சொல்லணும். ஐந்து என்றேன்.

"அஞ்சா? எனக்க கையால சோறு தின்னுட்டு அஞ்சா?" - தங்கம்மை.

"ஆறு போட்டுக்கிடுங்க சிஸ்டரே" என்றேன்.

ஊரில் சொல்லியிருப்பது ரத்தக்குறைவு. கேன்சர் என்று தெரிந்தவர்கள் நாலே பேர். நான், தங்கம்மை, மகள் சுசீலா, மருமகன் ராஜன். ராஜனின் தங்கைக்கு 22-ம் தேதி கல்யாணம். அது முடிகிற வரைக்கும் வெளியே விடக் கூடாதாம்.

மாசி 13, செவ்வாய்

கா 98.0. மா 98.4. தென்னைக்குத் தண்ணீர்.

சுசீலா மகள் அம்மு வந்தாள். நாலு வயது. இரண்டு வீடு தள்ளித்தான். மடியில் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். தேகம் சற்றுச் சூடு. கழுத்தில் நீர் கோத்த ஒரு பொக்களம்.

"என்ன மக்கா இது?"

"எறும்பு கடிச்சு பாட்டா."

தர்மாமீட்டரை வாயில் வைக்கப் பார்த்தேன், கடித்தாள். விட்டுவிட்டேன்.

மாசி 14, புதன்

கா 98.2. மா 98.2. அம்மு வரவில்லை. சுசீலா கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றே பேசினாள். "பிள்ளைக்குச் சளி அப்பா. நீங்க இஞ்ச வராதீங்க. உங்களுக்கு ஆகாது."

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

செருப்பு வார் அறுந்தது.

மாசி 16, வெள்ளி

கா 98.4. நேற்று எழுதவில்லை, சோர்வு.

மீன்காரி வந்தாள். நெத்திலி. "உங்க மகளுக்கு என்ன பாட்டா, மூணு நாளாட்டு மீனே வேண்டாங்கா? சாமியாராப் போயிட்டாளா?"

அவள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். புதன், வியாழன், இன்று. மீன் இல்லை. சுசீலா வீட்டுக் கடுகு தாளிக்கிற வாசம் என் கட்டில் வரைக்கும் வரும், அதுவும் இல்லை. எங்கள் வேப்பமரத்தில் கிழக்குக் கொம்பு ஒடித்திருக்கிறது. அவள் வீட்டு வாசலில் வேப்பிலை இல்லை. அப்படியென்றால் உள்ளே வைத்திருக்கிறார்கள், ஊருக்குத் தெரியாமல். தம்பிக்கு வந்தபோதும் பதினாறு நாள் எங்கள் வீட்டில் தாளிக்கவில்லை.

தங்கம்மையைக் கூப்பிட்டேன். "அம்முவுக்கு அம்மையா?"

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வந்திருக்கா. இருந்துட்டுப் போவா. அதை எடுத்துப் பேசப்பிடாது."

"எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழமை சாயங்காலம்."

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலியா?"

"விழுந்து. அம்மை வந்த வீட்டுக்கு ஆசுபத்திரிய இழுத்தா பிள்ளைக்க மேலல்லா கோவம் திரும்பும்? அதான் உங்கள அங்க போவாண்டாம்னு தடுத்தாச்சே."

நான் போகவில்லை. அம்முதான் செவ்வாய்க்கிழமை இங்கே வந்துவிட்டாளே. அதை யாரும் யோசிக்கவில்லை.

சுசீலாவையும் ராஜனையும் முற்றத்துக்குக் கூப்பிட்டுத் தூரத்தில் நிற்க வைத்துச் சொன்னேன். சுசீலா முகம் போன விதம்.

"உங்க மடியில தூங்குனாளா? எனக்குத் தெரியாதே அப்பா. அம்மா சொல்லலியே."

ராஜன்: "மாமா, ஆறு நாளு. வியாழக்கிழமை தாலி கெட்டட்டும். அம்மை உள்ள வீடுன்னு தெரிஞ்சா மாப்பிள வீட்டுக்காரங்க தேதி மாத்துவாங்க. இது ரெண்டாவது தேதி."

"ஆறு நாள் கழிஞ்சா ஊசி வேலைக்காகாது ராஜா."

"வரும்னு உறுதியா? வராமலும் இருக்குமே."

சுசீலா அவனைப் பார்த்தாள். "நீரு போய் பந்தலுக்கு ஆளப் பாரும்." என் போனை வாங்கினாள். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ரோட்டுக்குப் போனால் ஆள் கேட்கும். தென்னந்தோப்பின் கடைசி மூலைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். நாளைக் காலையிலேயே வரச் சொன்னார்கள்.

மா 98.6.

மாசி 17, சனி

முதல் பஸ். கேட்டவர்களிடம், ரத்தம் ஏற்றப் போகிறேன் என்று சொன்னேன். முழுப் பொய் இல்லை. அம்மை வந்து போன ஆட்களின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தாம். யாருடையதோ. ஊசி போட்டார்கள். உட்காரும்போது வலி.

"இது தடுத்தாலும் தடுக்கும், இல்லேன்னாலும் இல்லே" என்றார்கள் டாக்டரம்மா. "ஒரு பொக்களம் கண்டா அப்பவே போன்ல விளிக்கணும். காத்து நிக்கப்பிடாது. உங்க ரத்தம் அதோட சண்டை போடாது, கேட்டியளா? நுரையீரலுக்குப் போயிடும்."

தங்கம்மை பஸ்ஸில் என் தோளில் தூங்கினாள்.

வந்ததும் அவளிடம் சொன்னேன். தினமும் காலையில் முதுகைப் பார்க்க வேண்டும், எனக்குத் தெரியாத இடம் அது. சரி என்றாள். பார்த்தால் சொல்வாளா என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாசி 22, வியாழன்

கா 98.2. மா 98.8. கல்யாணம் நடந்தது. மைக் செட்டு மூன்று மணி வரைக்கும். நான் போகவில்லை, கூட்டம். சுசீலாவும் போகவில்லை. கால் சுளுக்கு என்று ராஜன் சொல்லியிருக்கிறான். நாத்தனார் கல்யாணத்தில் அண்ணி இல்லை என்றால் பேசத்தான் செய்வார்கள். பேசினார்களாம்.

தங்கம்மை எனக்கு மட்டும் பாயசம் கொண்டுவந்தாள். இரண்டு கரண்டி. முதுகு பார்த்தாயிற்று. "ஒண்ணும் இல்ல."

மாசி 24, சனி

கா 98.4. மா 98.4. அம்முவுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையைத் தோட்டுத் தண்ணீரில் கொண்டு போட்டார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினாள். முகத்தில் தடம். எறும்பு எல்லாம் போய்விட்டது என்று சத்தம் போட்டாள்.

மரங்களில் செம்புத் தளிர். வாழைக்கு வேலி கட்ட வேண்டும். யார் கட்டுவது.

மாசி 26, திங்கள்

கா 98.8. மா 99.6. உடம்பு வலி. தங்கம்மையிடம் நம்பரைச் சொன்னேன். இரண்டு தடவை கேட்டாள்.

மாசி 27, செவ்வாய்

கா 100.6.

சட்டையைக் கழற்றி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். தங்கம்மை கண்ணாடி போட்டுப் பார்த்தாள். வெகு நேரம். அவள் மூச்சு முதுகில் படுகிறது. கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

"ஏட்டி, உண்டா இல்லியா?"

திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம். மேசையில் இருந்த போனையும் காணோம்.

ரோட்டில் அவள் குரல். அந்தப் போனில் பச்சை எது சிவப்பு எது என்று அறியாதவள். மெதுவாகப் பேசினால் திருவனந்தபுரத்துக்குக் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, தொண்டை கிழியக் கத்தினாள்.

"டாக்டரே! அம்மை! ஆமா, அம்மைதான். முதுகுல மூணு, இடுப்புல ஒண்ணு. எனக்க மாப்பிளைக்கு. ரத்தத்துல கேன்சர் உள்ள ஆளு. கேன்சர்! பேத்திக்கி இருந்து, மறைச்சு வச்சோம். இப்ப காறு பிடிச்சு கொண்டுவாறோம், படுக்கைக்கு இடம் வச்சிருங்க!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த வீட்டுக் கதவும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். கார் வந்துவிட்டது.