அம்மா கழுவிய மணல்

நவம்பர் 9

இன்றும் குழாயில் காற்றுதான். அம்மா காலையில் எழுந்ததும் திறந்து பார்ப்பாள். அது புஸ்ஸென்று மூச்சு விடும். "இன்னும் தூங்குது" என்று மூடிவிடுவாள். பூகம்பத்தில் நிலம் ஆடி ஒரு மாதம் ஆகப்போகிறது. மலைச்சரிவு விழுந்ததில் ஊர் ஓடை பழுப்புக் கலங்கலாக, மிசோ சூப் நிறத்தில் ஓடுகிறது. குடிக்க பாட்டில் தண்ணீர் மட்டும், அதுவும் டவுனிலிருந்து லாரி வந்தால்.

காலேஜை விட்டு, நகரத்து வளர்ப்பு மீன் கடை வேலையும் போய், இரண்டு நாள் தலைகாட்டிவிட்டு ஓடிவிடலாமென்று ஆகஸ்டில் வந்த வீடு இது. இப்போது பஸ்ஸே ஓடவில்லை.

சாயங்காலம் ஊர்மன்றத்தில் பாட்டில் கொடுத்தார்கள். அப்பா தன் பங்கை வாங்கி, அப்படியே எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்காரியிடம் நீட்டிவிட்டு வந்தார்.

"உங்களுக்கு?" என்றேன்.

"எனக்கென்னடா தாகம்? படகா ஓட்டிட்டிருக்கேன்?"

படகு துறைமுகச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. நிலம் ஆடியதில் கடலடி மேலே வந்துவிட்டது. அப்பா போர்வை மூடிய கணப்பு மேசைக்கு அடியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் யாராவது தள்ளிவிட்டால்தான் நகரும்.

நவம்பர் 10

இன்று முழுக்க அப்பா குடித்தது ஒன்றரைக் கிண்ணம் டீ. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 12

போன வருஷம் அப்பாவுக்கு சிறுநீரகத்தில் கல். நண்டு மாதிரி சுருண்டு தரையில் உருண்டார். அது போய்விட்டது. ஆனால் இன்னொன்று உள்ளே இருக்கிறது என்று டாக்டர் படத்தில் காட்டினார். தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் வளரும் என்றார். அதெல்லாம் யாருக்கு ஞாபகம்!

அம்மாவும் சொன்னாள், நானும் சொன்னேன்.

"ஊர்ப் புள்ளைங்க குடிக்கிற தண்ணிய நான் பிடுங்கிக் குடிக்கணுமா?"

நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனா இருந்தே செத்துடுவாரு போல.

பாட்டில் தண்ணீர் ஊருடையது, சரி. ஓடைத் தண்ணீர் யாருடைய பங்கும் இல்லையே? அதைக் குடிக்கிற மாதிரி ஆக்கினால்?

மீன் கடையில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். தொட்டித் தண்ணீரைச் சுத்தம் பண்ணுவது பஞ்சும் மணலும் இல்லை, அதில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்கள். மணலில் அவை வளர்ந்துவிட்டால், வருகிற கெட்ட கிருமியைத் தின்றுவிடும். செத்துவிட்டால் மறுநாள் மீன் மல்லாந்து மிதக்கும்.

நாளைக்கு ஒரு டிரம் தேடணும்.

நவம்பர் 14

டிரம் கிடைத்தது. அம்மா முள்ளங்கி ஊறுகாய் போடுகிற நீல டிரம். அடியில் ஓட்டை போட்டு, ஒரு குழாயை வெளியே மேல்நோக்கி வளைத்தேன், மணலுக்கு மேலே நான்கு விரல் தண்ணீர் எப்போதும் நிற்கிற மாதிரி. உள்ளே அடியில் கூழாங்கல், அதற்கு மேல் பெருமணல், அதற்கு மேல் பொடிமணல். கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறதே என்று மணலை அங்கிருந்தே அள்ளினேன்.

வடிந்த தண்ணீரைக் காய்ச்சி நானே முதலில் குடித்தேன். துப்பினேன்.

அப்பாவும் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். மீசையைத் துடைத்தார்.

"உப்பு இருக்கு, ஊறுகாய் வாசனையும் இருக்கு. சோறு மட்டும் இருந்தா சாப்பாடே முடிஞ்சுது."

நவம்பர் 15

எல்லாத்தையும் கொட்டினேன். போதும்டா சாமி.

நவம்பர் 17

போதாது. ஓடையில் மேலே போனால், சரிவு விழுந்த இடத்தைத் தாண்டி, நல்ல மணல் இருக்கிறது. வண்டி போகாது. முதுகுக்கூடையில் சுமந்தேன். நாள் முழுக்க ஏறி இறங்கினேன். காலேஜில் இந்த அளவு எதற்காவது உழைத்திருந்தால்... வேண்டாம்.

டிரம்மைச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தேன். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கைகொடுக்க வரவில்லை.

நவம்பர் 20

கலங்கல் தண்ணீரை வாளியில் ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, காலையில் டிரம்மில் ஊற்றினேன். மதியம் வந்த தண்ணீரில் கண்ணாடிக் கிளாஸுக்குப் பின்னால் என் கைரேகை தெரிந்தது!

அம்மா கிளாஸைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். காய்ச்சி ஆறவைத்து அப்பாவிடம் நீட்டினேன்.

"மீன் தொட்டி தண்ணிதானே இது? என்னை மீனாக்கப் பாக்குறியா?"

"மீன் ஒழுங்கா தண்ணி குடிக்கும்ப்பா."

முறைத்தார். குடிக்கவில்லை.

நவம்பர் 26

சுகாதார நிலையத்து நர்ஸ் சுகானோ வந்தாள். என்னைவிட நான்கைந்து வயது பெரியவள். ரப்பர் பூட்ஸோடு சமையல்கட்டு வாசல் வரை வந்து டிரம்முக்குள் டார்ச் அடித்தாள்.

"பளபளன்னு இருக்கு. அதனாலேயே பயமா இருக்கு" என்றாள். "தெளிவா இருந்தா சுத்தம்னு யார் சொன்னா? உன் ஜந்துங்க இப்பதான் குடி வந்திருக்கும். இன்னும் பத்து நாள் போகட்டும், சோதனைக்கு எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும், அதுக்கப்புறமும், காய்ச்சித்தான் குடிக்கணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. இந்த வீட்டில் நான் சொல்வதைப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள்.

அவள் போனதும் அம்மாவிடம் சொன்னேன்: "மேல் மணலைத் தொடாதே." அவ்வளவுதான் சொன்னேன்.

டிசம்பர் 10

சுகானோ போனில் கூப்பிட்டாள். அவள் எடுத்துப்போன தண்ணீரில் கெட்ட கிருமி இல்லை! "இன்னிக்கு இல்லைன்னுதான் அர்த்தம். நாளைக்கும் காய்ச்சு." சரி, சரி, சரி.

ஊர்த்தலைவர் மகோதா மாமா கேள்விப்பட்டு வந்து தனக்கும் ஒன்று செய்யச் சொன்னார். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறவர். அவர் சமையல்கட்டில் கால் வைக்க இடமில்லை. நடுவில் டிரம்மை வைத்துவிட்டு, என் டிரம்மிலிருந்தே ஒரு கிண்ணம் மேல்மணலை அள்ளி அதில் போட்டுவந்தேன், சீக்கிரம் பிடிக்கட்டும் என்று.

அப்பா இன்னும் டீதான். நாக்கு வறண்டு பேச்சே ஒட்டி ஒட்டி வருகிறது.

டிசம்பர் 13

வந்துடுச்சு. விடியற்காலம் அப்பா கணப்பு மேசையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சத்தம் போட்டார் பாரு. அம்மா முதுகைத் தேய்க்கிறா, மகோதா மாமா வண்டி எடுக்கிறார், நான் செருப்பைத் தேடுறேன். செருப்பு எதுக்கு?

டவுனில் ஊசி போட்டு வலியை அடக்கினார்கள். கல் பெரிதாகியிருக்கிறது, ஆனால் இன்னும் தானாக இறங்கக்கூடிய அளவில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். சுகானோவும் அங்கே இருந்தாள். அவள் நேராக அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"ரெண்டே வழிதான் ஐயா. தினமும் ரெண்டு லிட்டர் குடிச்சு கல்லை இறக்குங்க. முடியலைன்னா, ஊரை விட்டுட்டு, வயசானவங்களைத் தங்க வெச்சிருக்கிற டவுன் ஓட்டல்ல போய் இருங்க. அங்க குழாய் வருது. ஜனவரி ஆறாம் தேதி வந்து பார்ப்பேன்."

அந்த ஓட்டலுக்குப் போன கிழவர்கள் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அப்பா கேள்விப்பட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தை நீட்டினார்.

"உன் மீன் தண்ணிய ஊத்து."

டிசம்பர் 19

குடிக்கிறார்! அடுப்பு மேல் கெட்டில் ஓயாமல் கொதிக்கிறது. காலையில் ஒரு ஜாடி, மதியம் ஒரு ஜாடி. கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி விழுங்குகிறார்.

"ஓடையில சேறு இருக்கும்போதே ருசியா இருந்திருக்கும்" என்கிறார்.

கல் இன்னும் இறங்கவில்லை.

டிசம்பர் 28

அம்மா மணலைக் கழுவிட்டா.

வருஷக் கடைசி சுத்தம். எல்லா வீட்லயும் நடக்கிறதுதான். நான் மகோதா மாமா வீட்டுக் கூரைக்குத் தார்ப்பாய் கட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தா முற்றத்துல நீலப் பாய் விரிச்சு, அது மேல மணல். வெள்ளை வெளேர்னு. பிளீச் வாசனை மூக்கைத் துளைக்குது. அம்மா கையைத் துடைச்சுக்கிட்டுச் சிரிக்கிறா.

"மேல பச்சையா கொழகொழன்னு படிஞ்சிருந்துச்சுடா. நீ எதைக் கழுவியிருக்கே? அழுக்கோட வருஷம் பிறக்கலாமா?"

கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். கடைசியில்:

"உன் தவிட்டுப் பானையை நான் பிளீச் ஊத்திக் கழுவினா சும்மா இருப்பியா?"

அம்மாவின் முகம் மாறிவிட்டது.

அந்தப் பானை அவளுக்கு உயிர். அரிசித் தவிடு, உப்பு, உள்ளே புதைத்த கத்தரிக்காய், வெள்ளரிக்காய். தினமும் கையை விட்டுக் கிளறுவாள். கிளறாவிட்டால் கெட்டுவிடும், கழுவினால் செத்துவிடும். நிலம் ஆடியபோது சாமி மாடத்தை விட்டுவிட்டு அந்தப் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் வெளியே ஓடினாள்.

"அதுல உயிர் இருந்துச்சா?" என்றாள் மெதுவாக.

"இருந்துச்சு."

"நீ ஏன்டா சொல்லலை?"

ஏன் சொல்லலை? தொடாதேன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லலை. இந்த வீட்ல யார் எதை ஏன்னு சொல்லியிருக்கோம்?

அப்பா உள்ளேயிருந்து காலிக் கிண்ணத்தோடு வந்து நின்றார். மணலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

புது மணலில் மறுபடி பிடிக்க வாரக்கணக்காகும். ஆறாம் தேதி சுகானோ வந்து பார்ப்பாள்.

டிசம்பர் 29

காலையில் எழுந்தால் அம்மா ஏற்கெனவே மணலை ஓடைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருக்கிறாள். விரல் நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு பிடியையும் முகர்ந்து, பிளீச் வாசனை இருந்தால் மறுபடி அலசல்.

"தவிடு கெட்டுப்போனா என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்றாள், நிமிராமல். "அடுத்த வீட்ல ஒரு கை பழைய தவிடு வாங்கிக் கலப்போம். அது புதுசுக்குச் சொல்லிக் கொடுக்கும். பழைய மணல் வேற யார்கிட்ட இருக்கு?"

நான் மடையன். மகோதா மாமா!

ஓடினோம். அம்மா அவர் சமையல்கட்டில் நுழைந்ததும் மூக்கைப் பொத்தினாள். வருஷக் கடைசியாவது, சுத்தமாவது! வைத்த நாளிலிருந்து அவர் டிரம்மில் தண்ணீர் ஊற்றியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. மேலே பச்சையும் பழுப்புமாக வழவழவென்று ஒரு படலம்.

"மன்னிச்சுக்கோம்மா, கழுவ நேரமில்ல" என்று தலையைச் சொறிந்தார்.

அம்மா இடுப்பு வளைந்து கும்பிட்டாள். "கழுவாம வெச்சிருந்தீங்களே, புண்ணியவான்!"

அந்த மனுஷன் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். வாழ்க்கையில் அவர் வீட்டுச் சமையல்கட்டைப் பார்த்து யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை.

படலத்தை ஒரு சூப் கிண்ணத்தில் அள்ளி, அம்மா மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் டிரம் தயாராகிறவரை அப்பாவுக்கு அவர் டிரம்மின் தண்ணீர், காய்ச்சி.

"மகோதா வீட்டுத் தண்ணியா?" என்றார் அப்பா. "அவன் சொந்தப் பல்லையே கழுவ மாட்டானே."

தண்ணீர் கொண்டுவந்த மகோதா மாமாவின் பதில் வாசலிலிருந்து வந்தது: "அதனாலதான்யா என் டிரம்மு உயிரோட இருக்கு!"

அப்பா சிரித்தார். நிலம் ஆடிய பிறகு முதல் தடவை. குடித்தார்.

ஜனவரி 1

இடித்த அரிசி உருண்டை போட்ட புதுவருஷ மோச்சி சூப், மகோதா மாமா தண்ணீரில். அவரையும் கூப்பிட்டோம். பல் விளக்கிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

ஜனவரி 6

சுகானோ வந்தாள். அப்பாவின் உதட்டைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கெட்டிலைத் திறந்து பார்த்தாள். அம்மா மணல் கதையைத் தானே சொன்னாள், ஒரு வரி விடாமல். சுகானோ சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓட்டல் வேண்டாம். இப்படியே குடிங்க. சிறுநீரைக் கிண்ணத்துல பிடிச்சுப் பாருங்க, கல் வந்தா தெரியணும்."

அவள் வண்டி வளைவைத் தாண்டுகிறவரை அப்பா அசையவில்லை. பிறகு கணப்பு மேசையில் தலையைச் சாய்த்து நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

ஜனவரி 7

எல்லோரும் மதியம் வரை தூங்கினோம்.

ஜனவரி 21

காலையில் கழிவறையிலிருந்து ஒரு சத்தம். டிங்.

அப்புறம் அப்பாவின் குரல்: "தோமியே! டேய் ஹயாதே! வந்துடுச்சுடா!"

பெரிய டுனா மீன் பிடித்தவர் மாதிரி வந்தார். டீ சாஸரில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய, பழுப்பு நிறக் கல். மேசை நடுவில் வைத்தார்.

"இதுக்கா இந்த ஆட்டம்?"

"சாப்பிடுற இடத்துல வைக்காதீங்க!" என்று அம்மா அலறினாள். ஆனால் அவள்தான் முதலில் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து தவிட்டுப் பானைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கிளற ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது. நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

பிப்ரவரி 2

எங்கள் டிரம்மும் சோதனையில் தேறியது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்னும் ஏழெட்டு வீடு குழாயில்லாமல் இருக்கிறது, வந்து செய்து தருவாயா என்றாள் சுகானோ. கூடை இருக்கிறதா என்று கேட்டேன்.

அம்மாவும் வருகிறாளாம். "நீ செய்வே. ஏன்னு நான் சொல்றேன்."

மார்ச் 16

குழாய் வந்துவிட்டது.

முதலில் புஸ், அப்புறம் இருமல், அப்புறம் செம்பழுப்பு, அப்புறம் வெள்ளையாக ஒரே பாய்ச்சல். அம்மா மூடாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர் முழுக்க ஆளாளுக்குக் கத்தும் சத்தம். பஸ்ஸும் போன வாரமே ஓட ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் அதன் நேரத்தை விசாரிக்கவில்லை.

அப்பா ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "மருந்து வாடை." மீதியை டிரம்மில் ஊற்றப் போனார்.

"ஊத்தாதீங்க!" அம்மா பாய்ந்து கிளாஸைப் பிடுங்கினாள். "அதுல குளோரின் இருக்கு, எல்லாம் செத்துடும்! அதுக்கு ஓடைத் தண்ணிதான்."

அப்பா டிரம்மைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பிறகு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குக் கிளம்பினார். பாதி வழியில் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்:

"இன்னொரு வாளியை யாருடா தூக்குவா?"