மழை லீவில் வாங்கிய ‘டி’ கிரேடு

அட்டுவம்பட்டி

அன்பு மகள் பிரின்ஸிக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? அப்பாவுக்கு முழங்கால் வலிதான், ஆனாலும் வெள்ளனே வில்பட்டித் தோட்டத்துக்குப் போய்விடுகிறார், கேரட் இந்தத் தடவை பரவாயில்லை.

என் ‘டி’ கிரேடு என்ன ஆனது என்று கேட்டிருந்தாய். கவுன்சிலர் ஜெயச்சந்திரன் கட்சி ஊர்வலத்தில் கொடி பிடிக்கப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பச் சொன்னார், மாட்டேன் என்றேன், மறுமாதமே ஆசிரியர் மதிப்பீட்டில் கல்வி அதிகாரி குமரகுரு எனக்குக் கடைசி கிரேடு போட்டார். அதை நோட்டீஸ் போர்டில் வேறு ஒட்டினார்கள். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியவளைப் பார்த்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, டீச்சர் நீங்க பெயிலா என்று கேட்டது. வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியும் போனது. இப்போது தேர்தல் நெருங்கவும் ஆசிரியர் ஓட்டுக்குப் பயந்து அந்த மதிப்பீட்டையே ரத்து செய்துவிட்டார்கள். சங்கத்தில் எல்லாரும் லட்டு சாப்பிட்டார்கள், நான் தொடவில்லை. கிரேடு அழிந்தால் அதைப் போட்டவன் தப்பித்துவிடுவானே! தகவல் உரிமைச் சட்டத்தில் என் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கினேன். குமரகுரு என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததாக எழுதியிருந்த தேதி, மரம் விழுந்து ரோடு அடைத்து, மழை லீவு விட்ட நாள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.

மேலே புகார் கொடுத்தேன். குமரகுரு பழனிப் பஞ்சாமிர்தத்தோடு வீட்டுக்கு வந்து, ரிட்டயர் ஆக ரெண்டு மாசந்தேன் கெடக்கு டீச்சர், விட்டுருங்க என்று அழுதார். போதும்ல லீமா என்றார் அப்பா, பங்குச் சாமியாரும் மன்னிக்கச் சொன்னார். உன்னிடம் பொய் எதற்கு, அவர் அழுதது எனக்கு இனித்தது. விசாரணையில் அந்தத் தாளை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். பிள்ளைகள் ஒரே இரைச்சல் என்ற வரி வந்ததும் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். மறுவாரம் சஸ்பெண்ட். அப்புறம் அவரே பஸ் ஸ்டாண்டில் என்னை மறித்து, நான் மட்டுந்தேன் சாகணுமா என்று சொல்லி ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அந்தப் பொம்பளைக்குக் கடைசி கிரேடு போடுங்க என்று கவுன்சிலர் அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பின் பிரிண்ட், தேதியோடு.

அந்தக் கவுன்சிலர் இப்போது கட்சி மாறி, ஆசிரியர் உரிமை என்று மேடை மேடையாகப் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அவருக்குப் பாராட்டு விழா. பாதிக்கப்பட்டவள் என்பதால் பொன்னாடை போர்த்தி நாலு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டார்கள். சந்தோஷமாகச் சம்மதித்திருக்கிறேன், அந்தக் காகிதத்தையும் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் போனில் இதை உளறிவிடாதே, தடுத்துவிடுவார். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. மாதா உங்கள் இருவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
லீமா