பிசையாத மாவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா என்று அம்மாவிடம் தனியாக விசாரிப்பேன், அதனால் பொய் சொல்ல வேண்டாம்.

எங்கள் தலைமை நர்ஸ் பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடமாட்டார். வார்டில் யாருடைய பிறந்தநாள் என்றாலும் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார். அவருக்காகத் தேங்காய்ப்பால் ஊற்றி ஸ்கோன் சுட்டேன். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒன்று அது. முதல் தடவை உங்கள் சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தேன். கல்லாகிவிட்டது. இப்போது என் அறைக் கதவுக்கு அதுதான் முட்டு.

நேற்று மாவைப் பட்டும் படாமலும் விரல் நுனியால் சேர்த்து, அப்படியே ஓவனில் வைத்தேன். பஞ்சு போல வந்தது. தலைமை நர்ஸ் இரண்டு சாப்பிட்டுவிட்டு, "யாரு கை இது? இவ்வளவு மெத்துன்னு இருக்கே" என்றார்.

"கையில வலுவே இல்ல, நகரு" என்று சப்பாத்திப் பலகையிலிருந்து என்னை விரட்டுவீர்களே, அதே கைதான் அப்பா.

ஸ்கோனை வட்டமாக வெட்ட ஒரு டம்ளர் அனுப்புங்கள். கடையில் கிடைக்காதா என்று கேட்காதீர்கள். நீங்கள் காபி குடிக்கிற, விளிம்பு நசுங்கிய டம்ளர்தான் வேண்டும். வட்டம் கோணினால் கோணட்டும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்