நான் சிக்னலாக நின்ற பூங்கா

மார்ச் 3
நகராட்சிப் பொறியியல் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம். ஆறு முடிந்தால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. இதுவரை அங்கே என் வாயிலிருந்து வந்தவை இரண்டு வாக்கியங்கள்: "சரி சார்", "ஆச்சு சார்". அதற்குப் பரிசு கிடைத்துவிட்டது. புதுப்பித்த சாலைப் பாதுகாப்புப் பூங்காவைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறக்கப்போகிறார்கள். எல்லாம் சரியாக இயங்குகிறது என்ற ஆய்வறிக்கையில் நான் கையெழுத்திட வேண்டுமாம்.
"போய்ப் பார்க்கணுமா சார்?"
மேலாளர் சிரித்தார். "பூங்காம்மா அது. ஓடியா போயிடும்?"

மார்ச் 4
எனக்கா தெரியாது அந்தப் பூங்காவை! சாலை விதி பழகப் பள்ளியிலிருந்து மூன்று வருடம் கூட்டிப்போனார்கள். ஊரிலேயே குழி இல்லாத சாலை அதற்குள் போட்ட குட்டிச் சாலைதான். வண்டி ஓடினால்தானே குழி விழ?
சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பெடல் கார். மற்றவர்கள் பாதசாரிகள். சிக்னல் விளக்குகள் எரியாது. "இவதான் ஆடாம அசையாம நிப்பா" என்று டீச்சர் என்னைச் சிக்னல் ஆக்கிவிட்டார். ஒரு கையில் சிவப்பு அட்டை, இன்னொன்றில் பச்சை. மூன்று வருடமும் நானே.
கடைசி வருடம் சிவப்பைத்தான் காட்டினேன். பெடல் காரில் வந்த டாக்டர் மகன் நிற்கவில்லை. குறுக்கே நடந்தவளுக்கு முழங்காலில் நாலு தையல். திட்டு எனக்கு: "வாயத் தொறந்து கத்தக் கூடாதா?"
சிக்னல் கத்துமா?

மார்ச் 6
மதியம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். புதுப் பெயின்ட், புது வாசல், மூன்று சிக்னல் கம்பங்கள்.
"ஸ்விட்ச் எங்கண்ணே?" என்று காவலாளியிடம் கேட்டேன்.
"வயரே இழுக்கலையேம்மா. வெயில் பட்டா மூணு கலரும் ஒண்ணா மின்னும். அழகா இருக்கும், பாரு."

மார்ச் 7
மேலாளரிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், மேசையைப் பார்த்து முணுமுணுத்தேன்.
"பசங்க வர்ற இடத்துல வயர் எதுக்கு? ஷாக் அடிக்கும். எரியாம இருக்கறதுதாம்மா பாதுகாப்பு."
அடடா.
பிறகு குரலைத் தணித்து, "உன் நிரந்தரக் கோப்பும் என் மேசையிலதான் இருக்கு, தெரியுமில்ல?"

மார்ச் 8
வீட்டில் சொன்னேன். அம்மா தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "பார்க்காம கைநாட்டு வைக்கறதுக்கு என் கட்டைவிரலே போதுமேடி. உன்னை எதுக்குக் காலேஜுக்கு அனுப்புனோம்?"
"வேலை போச்சுன்னா?" என்றார் அப்பா.
மிஷின் நின்றது.

மார்ச் 10
"கையெழுத்துப் போட மாட்டேன் சார்."
குரல் உடைந்தது. இருந்தாலும் கேட்டது.

மார்ச் 11
அறிக்கை அடுத்த மேசைக்குப் போனது. அவருக்குத் திடீர் வயிற்றுவலி. அதற்கடுத்தவரின் மாமியார் கவலைக்கிடம். அந்த அம்மாள் விடுப்பு விண்ணப்பத்தில் போன வருடமே ஒருமுறை காலமாகிவிட்டார். வரைவாளர், "நான் வெறும் கோடு போடறவன் சார்" என்று நழுவினார்.
வெறும் கையெழுத்துதானே? மேலாளரே போட்டிருக்கலாம். போடவில்லை.

மார்ச் 14
திறப்பு விழா தள்ளிவைப்பு. "எல்லாம் உன்னாலதான்" என்று யாரும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போனதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மார்ச் 19
கையெழுத்துக்கு ஆள் கிடைக்காததால் எலக்ட்ரீஷியன் கிடைத்துவிட்டார். நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்றேன். இரண்டு கம்பங்களில் விளக்கு எரிகிறது. "மூன்றில் இரண்டு இயங்குகின்றன" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மேலாளர் இரண்டு முறை படித்தார். என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்தார். "ஏம்பா, அந்த மூணாவது எப்ப முடியும்? இந்தப் பொண்ணு விடாதுபோல."
என் நிரந்தரக் கோப்பு இன்னும் அதே மேசையில்தான். அதன்மேல் டீ டம்ளர் வைத்திருக்கிறார்.