ஹாரன் அடிக்காத வளைவு

ஜூன் 16, 2025

என் வீட்டுக்காரி செலினா பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும் நானும் வண்டியில் ஏறிவிட்டேன். வண்டி என்றால் கார் பந்தய விளையாட்டுதான்: பலகையில் முடுக்கிய ஸ்டியரிங், மூன்று பெடல், எதிரே டிவி. மச்சான் டேவிட் சென்னையில் புதுசு வாங்கிக்கொண்டு பழசை என் தலையில் கட்டியது. சீட் மட்டும் என் யோசனை. பழைய ஜீப் சீட். உட்கார்ந்தால் இன்னும் கடுக்காய் மூட்டை வாசனை வருகிறது.

இன்று நெட்டில் பந்தயம். மலைப்பாதையில் எட்டாவதாக இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஒருத்தன் சுழன்று, மேல்நோக்கித் திரும்பி வந்தான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழி விட வேண்டும், எங்கள் மலையில் அதுதான் சட்டம். ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். ஆறு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 19

இன்னும் ஒன்பது வாரம்.

2023 ஆகஸ்டில் கச்சிராயபாளையம் ஜீப் ஸ்டாண்டில் எனக்கு வலிப்பு வந்தது. வண்டிக்குள் இல்லை, டீக்கடை வாசலில். மாதா காப்பாற்றினாள். இரண்டு வருஷம் வராமல் இருந்தால் மறுபடி ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம், அதுவரை ஸ்டியரிங்கைத் தொடாதே என்றார் பாண்டிச்சேரி டாக்டர். அந்தப் பேச்சு ஆகஸ்ட் 22-ல்.

பதினாலு வருஷம் வெள்ளிமலைக்கு ஏறி இறங்கிய ஜீப் இப்போது மாதன் கையில். கரியாலூர்க்காரன். அதே பாதையில் எனக்கு முன்னும் பின்னும் ஓட்டியவன். நீங்க வர்ற வரைக்கும் தாண்ணே என்று சொல்லித்தான் சாவியை வாங்கினான்.

ஜூலை 2

இந்த விளையாட்டில் ரோட்டின் ஒவ்வொரு குழியும் கைக்குத் தெரிகிறது. டயர் சூடாவது, பிரேக் தளர்வது எல்லாம் இருக்கிறது. இடுப்புதான் இல்லை. நிஜ வண்டியில் பின்சக்கரம் வழுக்கினால் முதலில் இடுப்புக்குத் தெரியும், அப்புறம்தான் கைக்கு.

மழை விட்ட மதியங்களில் பழனியம்மாள் சாமை மூட்டையோடு என் ஜீப்பில் ஏறுவாள். மூன்றாவது வளைவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்காக எலுமிச்சை இலை பறித்துவைத்திருப்பேன். இலையை மோந்துகொண்டே கீழே இறங்கும்வரை என்னைத் திட்டுவாள். அந்தத் திட்டுக்கு இவ்வளவு ஏங்குவேன் என்று யார் நினைத்தது?

ஹாரனுக்கு ஒரு பட்டன் வைத்துக்கொண்டேன். பந்தயத்தில் எவன் மாமா ஹாரன் அடிப்பான் என்று டேவிட் போனில் சிரிக்கிறான். நானா அடிக்கிறேன்? வளைவு வந்தால் கட்டைவிரல் தானாகப் போகிறது.

ஜூலை 23

தனியாக ஓட்டிப் பழகும்போது கார் பள்ளத்தில் விழுந்துவிட்டது. கவனக்குறைவு.

ஜூலை 24

எங்கே தவறினேன் என்று பார்க்க நேற்று ஓட்டியதை ரீப்ளேயில் போட்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன். ஏழாவது வளைவுக்கு இல்லை. பிரேக்கும் இல்லை. ஸ்டியரிங் அசையவே இல்லை. ஆக்ஸிலேட்டர் பாதியில் அப்படியே நிற்கிறது. கார் நேராகப் போய் விழுகிறது. விழுந்த பிறகும் சக்கரம் சுற்றுகிறது. பதினோரு செகண்டு. மூன்று தடவை எண்ணினேன்.

தாமதமாகப் பிரேக் போட்டிருந்தால் தப்பு என்று விட்டுவிடுவேன். ஹாரன் அடிக்காமல் நான் வளைவுக்குள் போனதே இல்லை. காய்ச்சலில்கூட அடித்திருக்கிறேன். அப்போ அந்தப் பதினோரு செகண்டு நான் எங்க இருந்தேன்? பின்னால பன்னெண்டு பேரு குந்திக்கினு இருந்தா—

ஜூலை 25

ரீப்ளேயை அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

ஞாயிறு பூசை. செலினா நன்றிப் பூசைக்கு இப்போதே பேர் கொடுத்துவிட்டாள். டாக்டர் சரி என்றதும் முதல் சவாரி அவளோடுதான், முன்சீட்டு அவளுக்கு என்கிறாள். மாதனும் போன் செய்தான். கிளட்ச் மாற்றிவிட்டானாம், எனக்குப் பிடித்த மாதிரி பெடலை இறக்கி வைத்திருக்கிறானாம்.

அன்று அப்படி ஆனது டிவி வெளிச்சத்தால் இருக்கலாம். தூக்கம் கெட்டதால் இருக்கலாம். ஒரு தடவைதானே? யார் பார்த்தார்கள்?

பிறகு ஏன் அழித்தேன்?

ஆகஸ்ட் 17

அந்தப் பலகைப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 22

டாக்டர் எல்லா ஸ்கேன் படத்தையும் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். நடுவில் ஏதாவது வந்ததா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் செலினா முந்திக்கொண்டு, மாதா புண்ணியத்தில் ஒன்றும் இல்லை என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்துக்கொண்டு சொல்வது கஷ்டமாக இருந்தது. டாக்டரின் மேஜையைப் பார்த்துச் சொன்னேன்.

“வந்துச்சுங்க. பதினோரு செகண்டு.”

எப்படித் தெரியும் என்றார். ஹாரனைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். மாத்திரையைக் கூட்டினார். வண்டிப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அந்தப் பலகையும் வேண்டாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தியாகதுருகம் வரைக்கும் செலினா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கோபம் என்றுதான் நினைத்தேன்.

“எத்தினி நாளா மனசுல வச்சிக்கினு இருந்தீங்க?”

“ஒரு மாசம்.”

“ஒண்டியாவா?”

கள்ளக்குறிச்சி வரும்வரை என் கையை விடவில்லை. பஸ்ஸில் அத்தனை பேர் இருந்தார்கள். நான் அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 30

டேவிட் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனான். சீட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 9

மாதன் காலையிலேயே வந்துவிட்டான். ஜீப்பை அவன் பேருக்கு மாற்றும் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று ஓடிக்கொண்டிருந்தவன், இன்று தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டான். செலினா இட்லி வைத்தாள். மூன்றுக்கு மேல் சாப்பிடவில்லை, வழக்கமாக எட்டு தின்பவன்.

வாசலில் அவன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது, மழை நாளில் கரியாலூர் இறக்கத்தில் மூன்றாவது கியர் போட்டுவிடாதே, இரண்டாவதிலேயே இறக்கு என்றேன். யாரிடம் சொல்கிறேன்? அந்த இறக்கத்திலேயே பிறந்தவன்.

“செரிங்கண்ணே” என்றான், அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவன்போல.