துரி ஓட்டிய கார்

சில்வாப்ளானா,
12 டிசம்பர் 1997

அன்புள்ள துரி,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படித்தான் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். உன்னை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற உன் அக்கா பார்ப்லாவைக் கேட்டால், காய்ச்சலில் கிடப்பவனையும் "குதிரை மாதிரி இருக்கான்" என்பாள். பக்கவாதம் வந்ததிலிருந்து உனக்கு நாக்கு புரளவில்லை. போனில் நான் மட்டும் பேசிக்கொண்டே போவது எனக்கே சங்கடமாக இருக்கிறது. அதனால் எழுதலாம். இடது கையால் இரண்டு வரி எழுது, போதும்.

நேற்று உன் காரை ஓட்டினேன்.

ஹோட்டல் மேலாளர் கஃப்லிஷ் தாவோஸிலிருந்து ஒரு டிரைவரை வரவழைக்க இருந்தார். துரி வரும்வரை அந்த இடத்தில் நான் உட்காருகிறேன் என்றேன். சலவைத்துணி வேன் ஓட்டுகிறவளிடம் இந்தக் காரைக் கொடுப்பதா என்று யோசித்தார். "அந்த வேன்ல எத்தனை குளிர்காலம் ஜூலியர் கணவாயைத் தாண்டியிருக்கேன். ஒரு தலையணை உறைகூடத் தொலைஞ்சதில்லை" என்றேன். சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ஈஸ்டர் வரைக்கும்தான் பேச்சு. அதற்குள் நீ நடந்துவிடு.

சமையலறைக் குழாய் உறைந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் மாட்லைனா


ரோமான்ஸ்ஹோர்ன்,
20 டிசம்பர்

மாட்லைனா,

கோழி கிறுக்கியது போலிருக்கிறதா? பழகிவிடும்.

கார் யாரோ தாவோஸ்காரன் கைக்குப் போகாமல் தடுத்தாய். நல்லது. ஏறும்போதே எந்திரத்தை உறும விடாதே, முதலில் சூடாகட்டும். பிவியோ ஊர் தாண்டினால் காற்று இடப்புறமிருந்து அடிக்கும். இந்த வருஷம் பனிக்கால டயர் புதிதா, பழையதா? எழுது.

இங்கே பனியே இல்லை. மூடுபனியும் ஏரியும்தான். அக்கா தினமும் பார்லி சூப் வைக்கிறாள். உப்பில்லை.

துரி


சில்வாப்ளானா,
14 ஜனவரி 1998

அன்புள்ள துரி,

டயர் புதிது. காற்று நீ சொன்ன இடத்தில்தான் அடித்தது.

உனக்குச் சிரிப்பு வரட்டும் என்று ஒன்று எழுதுகிறேன். ஸூரிக் விமான நிலையத்தில் மிலானோக்காரர் ஒருவர். கையில் பெயர்ப்பலகையோடு நிற்கிறேன். என்னைத் தாண்டித் தாண்டிப் பார்க்கிறார்.

"டிரைவர் எங்கம்மா?"

"நான்தாங்க."

"அது சரி, காரை ஓட்டுறவர் எங்க?"

"அதுவும் நான்தாங்க."

கணவாய் ஏறும்போது பனி கொட்டியது. முன்னால் போன பேருந்தின் விளக்கைக்கூடக் காணோம். மனிதர் ஜெபமாலையை எடுத்துவிட்டார். உச்சியில் அந்த இரண்டு கல்தூண்களும் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததா?" என்றார். "இல்லீங்க, அழுக்குத்துணி வேன் சொல்லிக் குடுத்தது" என்றேன்.

இறக்கத்தில் ஒரு வளைவில் காரின் பின்பக்கம் மெல்ல விலகிப்போனது. ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பிப் பிடித்தேன். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்து, தானே நிமிர்ந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது துரி, குழந்தை மாதிரி. இவ்வளவு வருஷம் ஓட்டினாயே, இப்படி இருக்கும் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லையே!

டாக்டர் என்ன சொன்னார்? கால் அசைகிறதா? குழாய் சரியாயிற்றா என்று நீயும் கேட்கலாம். சரியாகவில்லை.

உன் மாட்லைனா


ரோமான்ஸ்ஹோர்ன்,
30 ஜனவரி

மாட்லைனா,

அது விளையாட்டுச் சாமான் இல்லை. நழுவவிட்டுச் சிரிப்பதற்காக ஹோட்டல் அதை வாங்கவில்லை.

ஈஸ்டருக்கு வருகிறேன். கஃப்லிஷிடம் சொல்லி வை.

துரி


சில்வாப்ளானா,
17 பிப்ரவரி

அன்புள்ள துரி,

ஞாயிற்றுக்கிழமை நான் பேச வந்ததை நீ கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விருந்தினரை விமானம் ஏற்றிவிட்டு, கஃப்லிஷிடம் அனுமதி கேட்டுத்தான் வந்தேன். உன்னைக் காரில் உட்காரவைத்து ஏரிக்கரையில் ஒரு சுற்று கூட்டிப் போகலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். வழியில் நிறுத்திக் கண்ணாடியெல்லாம் துடைத்தேன். தலையையும் வாரிக்கொண்டேன், பைத்தியம் மாதிரி.

"டேய் துரி, யாரு வந்திருக்கா பாரு! பொண்டாட்டியா, ராணியம்மாவா?" என்று உன் அக்கா வாசலில் நின்று கத்தினாள். நீ கோலை ஊன்றிக்கொண்டு வந்தாய். என்னைத் தாண்டிப் போய்க் காரின் கூரையில் கை வைத்தாய். நான் திறந்து வைத்திருந்த கதவுப் பக்கம் வரவே இல்லை. டிரைவர் பக்கம் போனாய். வலது காலை உள்ளே தூக்கி வைக்கப் பார்த்தாய். நான் பிடிக்க வந்ததும் என் கையைத் தட்டிவிட்டாய்.

"விடுடா, அவ ஓட்டட்டும். நீ சும்மா உட்கார்ந்து வா" என்றாள் பார்ப்லா. நீ உள்ளே போய் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாய். நான் கோட்டுகூடக் கழற்றவில்லை. கொண்டுவந்த வால்நட் கேக்கை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் அக்கா உண்மையைச் சொன்னாள். இந்தக் கால் இனி வண்டி ஓட்டாது என்று டாக்டர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டாராமே. உனக்குத் தெரிந்துதான் ஈஸ்டருக்கு வருகிறேன் என்று எழுதினாய்.

இங்கே கஃப்லிஷ் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். நான் பதில் சொல்லவில்லை. நீ வீட்டுக்கு வா, துரி. ஓட்டுவதற்காக வரவேண்டாம். சும்மா வா. மாடிப்படி ஏறவேண்டாம், கீழறையில் கட்டில் போட்டிருக்கிறேன். வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுது. அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றாலும் கொடுத்துவிடுகிறேன்.

உன் மாட்லைனா


சமேடான் மருத்துவமனை,
11 மார்ச்

அன்புள்ள துரி,

உன் பதில் வரவில்லை. இருந்தாலும் வேறு யார் சொல்லியும் நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று எழுதுகிறேன். பயப்படாதே, உயிரோடு இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை யாரையும் ஏற்றாமல் திரும்பிக்கொண்டிருந்தேன். பிவியோவுக்கு மேலே, புதுப்பனிக்கு அடியில் சாலை கண்ணாடி போல உறைந்து கிடந்தது. வளைவில் எதிரே பனி தள்ளும் வண்டி. ஒருபக்கம் பள்ளம், ஒருபக்கம் பனிச்சுவர். சுவர்ப்பக்கம் திருப்பினேன். கார் சுவரில் ஏறிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பெல்ட்டில் தொங்கிக்கொண்டு கிடந்தேன். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. விலா எலும்பு இரண்டு. மூச்சு விட்டால் வலிக்கிறது.

அப்போது நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. பனி தள்ளுகிறவர் சொல்லித்தான் தெரியும்.

"துரி, துரின்னு கத்துனீங்களே, உள்ள இன்னொருத்தர் இருக்காரோன்னு பயந்துட்டேன். வெளில தூக்கி எறிஞ்சிருக்குமோன்னு சுத்திச் சுத்திப் பனியைத் தோண்டினேன். அவர் எங்கம்மா இருக்காரு?" என்றார்.

ஏரிக்கரையில் இருக்கிறார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கோப்பையில் சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இறந்தவருக்குச் செய்வது போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அந்தப் பனியில் உன்னைத் தேடிய மனிதருக்கு உன்னைத் தெரியாது, துரி. நினைத்தால் அழுகை வருகிறது. அழுதால் விலா வலிக்கிறது.

எழுது.

உன் மாட்லைனா


ரோமான்ஸ்ஹோர்ன்,
16 மார்ச்

மாட்லைனா,

கார் எப்படி இருக்கிறது? முன் அச்சு வளைந்ததா? பிரேக்கை மிதித்தாயா?

துரி


சில்வாப்ளானா,
2 ஏப்ரல்

துரி,

உன் கடிதத்தை மருத்துவமனையில் வைத்துப் படித்தேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளும் பார்த்தேன்.

கார் நன்றாக இருக்கிறது. முன் அச்சு வளையவில்லை. வலப்பக்கக் கதவு இரண்டும் ஒரு விளக்கும் மாற்றியாயிற்று. பெயிண்ட் அடித்துவிட்டார்கள், அடிபட்டதே தெரியாது. ஆமாம், பிரேக்கை மிதித்தேன்.

கஃப்லிஷ் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மணிக்கட்டு தேறியதும் ஓட்டத் தொடங்குவேன்.

உன் கம்பளிச் சட்டைகள், பூட்ஸ், ரேடியோ எல்லாவற்றையும் பெட்டியில் கட்டித் தபால் பேருந்தில் அனுப்பியிருக்கிறேன். அக்காவை நிலையத்துக்கு அனுப்பி வாங்கிக்கொள். கீழறையில் போட்ட கட்டிலை எடுத்துவிட்டேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். நீ கேட்காததை இனி எழுதுவதாக இல்லை.

மாட்லைனா