கேன்டீன் சுவரில் உன் பாதிக் கவிதை

பெயிண்ட் வாசனையில் இன்று சோறு இறங்கவில்லை. நம் கேன்டீன் சுவரில் உன் கவிதையை எழுதியிருக்கிறார்கள். 'நீ போய் வா, உன் இடத்தில் நான் நிற்கிறேன்.' கீழே உன் பெயர், 'கனடியக் கவிஞர், நம் முன்னாள் ஊழியர்' என்று. மீதியைக் காணோம். வயிறு எரிகிறது எனக்கு.

எங்கே போகச் சொன்னாயாம்? சுவரைப் பார்த்தால் ஏதோ சாதிக்கப் போவது போல இருக்கிறது. பாத்ரூமுக்குடி! நம் இடத்தில் நிற்க மாற்றாள் வந்தால்தான் அசெம்பிளி லைனை விட்டு நகரலாம். எனக்கு மாதவிலக்கான அன்று யாரும் வரவில்லை. "நீ போயிட்டு வாட்டீ, நான் பாத்துக்கிடுதேன்" என்று இரண்டு பேர் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தாய். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் உன்னைக் கிழித்தான்.

கல்யாணமாகி டொராண்டோ போன பிறகு அதை எழுதி, போனில் வாசித்தாய். "இன்னாடி இது, அசிங்கமா கீது" என்றேன். "அசிங்கம் நம்மளுதா, அவனுவளுதா?" என்றாய். அங்கே அதை மேடையில் வாசித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

உன் மேலும் கோபம்தான். நோயை என்னிடம் மறைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். நீ இருந்திருந்தால் இவர்களுக்கு இந்தத் துணிச்சல் வருமா?

மதியம் கேன்டீனிலேயே உனக்கு அஞ்சலிக் கூட்டம். ஹெச்.ஆர். என்னைத் தனியே கூப்பிட்டார். "நீதானே அவங்க ஃப்ரெண்டு? சுவத்துல கீற வரிய மட்டும் படி. உன் கான்ட்ராக்ட் வேற இந்த மாசம் முடியுது, ஞாபகம் வெச்சுக்கோ."

மைக்கை வாங்கினேன். முழுதும் சொன்னேன். 'அடிவயிற்றை இறுக்கியபடி ஏன் கெஞ்சுகிறாய், சிறுநீர் என்ன அவர்கள் தரும் சலுகையா' என்ற இடத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள். கத்தித்தான் முடித்தேன். ஒருத்தியும் கைதட்டவில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேலும் ஆத்திரம் வந்தது.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யக்கா, மைக் நின்ன பெறவு நீங்க சொன்னது சரியா கேக்கல. இன்னொரு மட்டம் சொல்லுதியளா?" பின்சீட்டுக்காரிகளும் எழுந்து வந்தார்கள். வல்லக்கோட்டையில் நான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அவர்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொண்டே அவர்களுடைய ஹாஸ்டல் வரை போனேன்.

நாளை என்னைக் கம்பெனி கேட்டுக்குள் விடுவார்களோ, தெரியாது. என் கோபம் அடங்கவில்லை. ஆனால் அதைச் சுமக்க நான் ஒருத்தி மட்டும் இல்லை இப்போது.